கவுன்சிலர் வேட்பாளர் சாலைப் பாதுகாப்பு தருவதாகச் சொன்னால் அவரிடம் என்ன கேட்க வேண்டும்?

சென்னை மாநகராட்சியின் ஒரு வார்டில் வசிப்பவர் கேட்டிருக்கிறார். அடுத்த தேர்தலில் கவுன்சிலர் பதவிக்கு நிற்கப்போவதாக மூன்று பேர் இப்போதே வீடு வீடாக வந்து போகிறார்களாம். ஒருவர் எல்லாத் தெருக்களிலும் வேகத்தடை போட்டுத் தருவேன் என்கிறார். இன்னொருவர் மூலைக்கு மூலை சிசிடிவி கேமரா என்கிறார். மூன்றாமவர் மினி பஸ் விடுவாராம், நாற்சந்தியில் மேம்பாலமும் கட்டுவாராம். கேட்டவரின் தாயாருக்கு முழங்கால் வலி. பெரிய சாலையின் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் மருந்துக்கடைக்குத் தனியாகப் போய்வர முடிவதில்லை. இந்த மூவரில் யாரை நம்பலாம், கவுன்சிலரால் இதில் எதையாவது செய்யத்தான் முடியுமா என்று கேட்கிறார்.

இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. தெருவில் நடப்பவர் அடிபடாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்பது ஒன்று. அதில் எவ்வளவு கவுன்சிலரின் கைக்கு எட்டும் என்பது மற்றொன்று. முதலாவதற்கு உலகெங்கும் ஆய்ந்து வைத்த பதில் இருக்கிறது. இரண்டாவதை வேட்பாளர்களும் கேட்டுக்கொள்வதில்லை, வாக்காளர்களும் கேட்பதில்லை. நான் உள்ளாட்சி அமைப்பு ஒன்றின் சாலைப் பிரிவில் நெடுங்காலம் பொறியாளராக இருந்தவன்; ஓய்வுக்குப் பிறகு சாலைப் பாதுகாப்புத் தணிக்கைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் எழுதுகிறேன். எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவது என்பதில் என் யோசனைக்குத் தனி மதிப்பு எதுவும் கிடையாது, அதைச் சொல்லவும் மாட்டேன்.

முதலில் யாருடைய சாலை என்று பார்க்க வேண்டும். சென்னையில் ஒரே தெருமுனையில் நின்றுகொண்டு நான்கைந்து அரசு அமைப்புகளைச் சுட்டிக்காட்ட முடியும். பஸ் மாநகர் போக்குவரத்துக் கழகத்துடையது. அது மாநில அரசின் நிறுவனம். சிக்னலும் ஒருவழிப் பாதையும் வேக வரம்பும் போக்குவரத்துக் காவல்துறையின் பொறுப்பு. பெரிய சாலைகளில் பல மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. மெட்ரோ ரயில் மத்திய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனம், புறநகர் ரயில் தெற்கு ரயில்வே. சாலையைத் தோண்டுகிறவர்கள் குடிநீர் வாரியமும் மின்வாரியமும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும். இவை அனைத்தையும் ஒருங்கிணைக்க 2010-இலேயே ஒரு சட்டம் வந்தது. அதன்படி அமைந்த ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், கும்டா, தன் முதல் கூட்டத்தை நடத்தியது 2022 நவம்பரில்தான். பன்னிரண்டு ஆண்டுகள்! அதற்குத் தலைவரும் முதலமைச்சர்தான், மேயர் அல்ல.

அப்படியானால் மாநகராட்சிக்கு என்ன மிச்சம்? குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் கொண்டுவந்த பன்னிரண்டாவது அட்டவணையில் சாலைகள், பாலங்கள், தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பஸ் நிறுத்தம் ஆகியவை நகராட்சிகளுக்குரியவையாகவே இருக்கின்றன. பஸ் ஓட்டுவதும் போக்குவரத்துக் காவலும் அதில் இல்லை. சென்னை மாநகராட்சியின் கையில் சுமார் 387 கிலோமீட்டர் பஸ் வழித்தடச் சாலைகளும், 5,000 கிலோமீட்டருக்கு மேல் உட்புறச் சாலைகளும் இருக்கின்றன. பஸ் வழித்தடச் சாலைகளுக்கு மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் தனித் துறை உண்டு. அங்கே தனியொரு கவுன்சிலரின் குரல் மெல்லத்தான் கேட்கும். உட்புறச் சாலைகளை மண்டல அலுவலகங்கள் பார்த்துக்கொள்கின்றன. அங்கே கவுன்சிலரின் பேச்சு எடுபடும். நீங்கள் அன்றாடம் நடக்கும் தூரத்தில் பெரும்பகுதி அந்த உட்புறச் சாலைதான்.

இந்த வரைபடத்தை மனதில் வைத்துக்கொண்டு மூன்று வாக்குறுதிகளையும் பார்ப்போம். மேம்பாலம் கட்டுவேன் என்று ஒரு கவுன்சிலர் வேட்பாளர் சொல்வதைச் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். மாநகராட்சியே மேம்பாலம் கட்டிய வரலாறு சென்னைக்கு உண்டு. 1996-இல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த மேயராக மு.க. ஸ்டாலின் வந்தபோது நகரில் பல மேம்பாலங்கள் எழுந்தன. ஆனால் அது மேயரும் மாநில அரசும் ஒரே திசையில் நின்று செய்த காரியம். 2022-இல் மேயரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். நிர்வாக அதிகாரத்தில் பெரும்பகுதி அரசு நியமிக்கும் ஆணையரிடம் இருக்கிறது. அது ஒருபுறமிருக்க, சாலையைக் கடக்க முடியாமல் நிற்கும் ஒரு முதியவருக்கு மேம்பாலம் என்ன செய்யும்? வாகனங்கள் இறங்குமிடத்தில் இன்னும் வேகமாக வரும். மினி பஸ்ஸுக்கு அனுமதி தருவது மாநில அரசு. கவுன்சிலர் கடிதம் எழுதலாம், நச்சரிக்கலாம். சில சமயம் அது பலிக்கவும் செய்யும். ஆனால் அது வாக்குறுதி ஆகாது, முயற்சிதான்.

சிசிடிவி கவுன்சிலரால் நிச்சயமாகச் செய்யக்கூடியது. வார்டு மேம்பாட்டு நிதியிலிருந்து செய்துவிடலாம், திறப்பு விழாவும் நடத்தலாம். திருட்டு வழக்குகளிலும், இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டியைக் கண்டுபிடிப்பதிலும் அது உதவுகிறது. விபத்தைக் குறைக்கிறதா? வேகத்தைப் பதிவு செய்து தானாகவே அபராதம் அனுப்பும் கேமரா குறைக்கிறது. அதற்குச் சான்றுகள் பல நாடுகளில் இருக்கின்றன. தெருவை வெறுமனே படம் பிடிக்கும் கேமரா குறைக்கிறது என்பதற்கு நான் நம்பத்தக்க சான்று எதையும் பார்த்ததில்லை.

வேகத்தடைதான் மூன்றில் உருப்படியானது, ஆனால் ஒழுங்காகப் போட்டால் மட்டும். சாலைகளுக்குத் தரநிலை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் (கட்சியல்ல) சொன்ன பழைய அளவு இன்றும் நல்ல அளவுகோல்: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். அதாவது ஒரு காரின் நீளத்துக்குக் கிட்டத்தட்ட சமமான, படிப்படியாக ஏறி இறங்கும் மேடு. மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறவருக்கு அது உறுத்தாது, 45-இல் வருகிறவரைத் தூக்கிப் போடும். நம் தெருக்களில் இருப்பது என்ன? சாலை போட வந்த லாரியில் கொஞ்சம் தார்க்கலவை மிஞ்சும். தெருவாசிகள் கூடிக் கேட்பார்கள், கவுன்சிலர் தலையசைப்பார், மேஸ்திரி மண்வெட்டியால் இழுத்துப் போட்டு ரோலரை ஒருமுறை ஏற்றுவார். ஒரு முழ அகலத்தில் கூன் விழுந்த ஒரு கட்டி உருவாகும். வெள்ளைக் கோடு இல்லை, முன்னெச்சரிக்கைப் பலகை இல்லை. இரவில் பைக்கின் பின்னால் பக்கவாட்டில் உட்கார்ந்து வரும் பெண் அதில்தான் தூக்கி எறியப்படுகிறார். பாதுகாப்புக்கென்று போட்டதே ஆளைச் சாய்க்கும். ஆகவே அந்த வேட்பாளரிடம் எத்தனை வேகத்தடை என்று கேட்காதீர்கள். எவ்வளவு அகலம், யார் வரைபடம் போடுவார்கள், கோடு யார் வரைவார்கள் என்று கேளுங்கள்.

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. ஒரு தெரு நடப்பவருக்கு உகந்ததாக அமையுமா இல்லையா என்பது மாநகராட்சி மன்றக் கூட்டத்தில் முடிவாவதில்லை, தேர்தல் மேடையிலும் முடிவாவதில்லை. உதவிப் பொறியாளர் தயாரிக்கும் செலவு மதிப்பீட்டுத் தாளில் முடிவாகிவிடுகிறது. பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுப்பது, புதிய தார் போடுவது, ஓரக்கல், நடைபாதை, சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம், சாலைக்கோடு என்று அதில் வரிசையாக இனங்கள் இருக்கும். பணம் போதாதபோது வெட்டுப்படுவது எப்போதும் கடைசியிலிருந்துதான். சாய்தளம் போகும், கோடு போகும், பிறகு ஓரக்கல் போகும், தார் மட்டும் நிற்கும். சுரண்டி எடுப்பதையும் விட்டுவிட்டால் சாலை மட்டம் உயர்ந்து மழைநீர் வீட்டுக்குள் வருகிறது. பழைய அடுக்கை அகற்றிவிட்டே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட வேண்டியிருந்தது என்றால் நிலைமை தெரிந்துகொள்ளலாம். மதிப்பீடு எழுதும் நாட்களில் மண்டல அலுவலகத்துக்குப் போய், இந்தத் தெருவுக்குச் சாய்தளம் எங்கே என்று கேட்கிற கவுன்சிலர் அரிது. அப்படிக் கேட்ட ஒரு பெண் கவுன்சிலரை நான் பார்த்திருக்கிறேன். அவர் வார்டில் தெருக்கள் பிரமாதமாக இருந்தன என்று சொல்ல மாட்டேன். ஆனால் தாளில் எழுதியது தரையில் இருந்தது.

தாளுக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை நீங்களே அளந்து பார்க்கலாம். ஒரு அளவு நாடா போதும். குடியிருப்புப் பகுதியில் நடைபாதை தடையின்றி 1.8 மீட்டர் அகலமும், கடைவீதியில் 2.5 மீட்டரும் இருக்க வேண்டும் என்பது சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல். சாலையிலிருந்து உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. சென்னையில் நடைபாதை என்பது பெரும்பாலும் மழைநீர் வடிகாலின் மூடிதான். வடிகாலின் மட்டத்தை நீரோட்டம் தீர்மானிக்கிறது, முழங்கால் தீர்மானிப்பதில்லை. அதனால் சில இடங்களில் நடைபாதை ஒரு அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கார் ஏறுவதற்காகத் தாழும், மறுபடி உயரும். நடுவில் மின்பெட்டி, அதையடுத்து மரம், அதையடுத்து நிறுத்தி வைத்த இரு சக்கர வாகனம். 1.8 மீட்டர் என்று எழுதிய இடத்தில் கால் வைக்கக் கிடைப்பது அரை மீட்டர். உங்கள் தாயார் சாலையில் இறங்கி நடப்பது ஒழுங்கீனத்தால் அல்ல. அந்தப் படிகளை ஏறி இறங்குவதைவிட வண்டிகளுக்கு நடுவே நடப்பது அவர் காலுக்குச் சுலபம்.

கொள்கைக்குக் குறைவில்லை. 2014-இல் சென்னை மாநகராட்சி மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றது. இந்திய நகரங்களில் அதுதான் முதல். போக்குவரத்துக்கான நிதியில் 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் ஒதுக்குவது, 2018-க்குள் 80 சதவீதச் சாலைகளில் நடைபாதை அமைப்பது என்றெல்லாம் அது பேசியது. 2018 வந்து போய்விட்டது. சில சாலைகள் உண்மையிலேயே மாறின; தியாகராய நகர் பாண்டி பஜாரின் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது, இன்றும் போய்ப் பார்க்கத் தகுந்தது. இங்கே என் வாதத்துக்கே இடைஞ்சலான ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தபின் 2022 பிப்ரவரி வரை சென்னையில் தேர்தலே நடக்கவில்லை. அதாவது பாண்டி பஜார் மாறியபோது கவுன்சிலர் என்று ஒருவருமே இல்லை, அதிகாரிகளே செய்தார்கள். கவுன்சிலர் எதற்கு என்று யாராவது கேட்டால் என்னிடம் முழுமையான பதில் இல்லை. பளிச்சென்று ஒரு கடைவீதியை மாற்ற ஆணையரும் நிதியும் போதும். ஆயிரக்கணக்கான சிறு தெருக்களில் அதைச் செய்யவும், செய்தது சிதையாமல் பார்த்துக்கொள்ளவும் அந்தந்த வார்டில் கேள்வி கேட்க ஆள் வேண்டும் என்பது என் ஊகம். ஊகம்தான், நிரூபிக்கப்பட்டதல்ல.

உறுதியாகச் சொல்லக்கூடியவை வேறு. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்தின் அபாயம் சுமார் நான்கு சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. வேகத்தைக் குறைக்கும் எதுவும் உயிரைக் காக்கும்: சந்திப்பின் முனையை இறுக்கி வண்டிகளைத் திரும்புமுன் மெதுவாக்குவது, கடக்குமிடத்தையே மேடாக அமைப்பது, நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டு கொடுப்பது. சென்னைக் காவல்துறை 2023 நவம்பரில் குடியிருப்புப் பகுதிகளுக்கு மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வரம்பு வைத்தது, நல்ல காரியம். ஆனால் அகன்ற நேர்த்தெருவில் பலகை மட்டும் வைத்தால் யாரும் மெதுவாகப் போவதில்லை. தெருவின் வடிவம்தான் போக வைக்கும், அந்த வடிவம் மாநகராட்சியின் கையில் இருக்கிறது. காவல்துறையின் வரம்பை மாநகராட்சியின் கல்லும் மண்ணும் கொண்டு மெய்யாக்குவதுதான் ஒரு கவுன்சிலர் செய்யக்கூடிய ஆகப் பெரிய வேலை.

புள்ளிவிவரங்களைக் காட்டி ஓட்டுக் கேட்பவர்களிடம் மட்டும் நிதானம் தேவை. அரசுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் சாலை விபத்துகளில் 2019-இல் 10,525 பேர் இறந்தார்கள். 2021-இல் 15,384 பேர். 2022-இல் 17,884 பேர். மூன்றே ஆண்டில் சாலைகள் இவ்வளவு மோசமாகிவிட்டனவா, அல்லது கணக்கெடுத்த விதம் மாறியதா? என்னைப் போன்றவர்கள் இரண்டாவதன் பக்கமே அதிகம் சந்தேகப்படுகிறோம். மாநிலக் கணக்கே இப்படியென்றால், ஒரு வார்டில் ஆண்டுக்கு நிகழும் ஓரிரு மரணங்களை வைத்து ஒரு கவுன்சிலரைப் பாராட்டவோ பழிக்கவோ முடியாது. அந்த எண்ணிக்கை தற்செயலாகவே ஏறும், இறங்கும்.

ஆக்கிரமிப்புகளை அகற்றுவேன் என்று சொல்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவர்களை இஷ்டத்துக்கு விரட்ட முடியாது. நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். என் அனுபவத்தில் பூக்கூடை வைத்திருக்கும் பெண்மணியைச் சுற்றிக்கொண்டு நடந்துவிடலாம், நிறுத்தி வைத்த காரைச் சுற்றி நடக்கத்தான் சாலைக்கு இறங்க வேண்டியிருக்கிறது. காரைப் பற்றிப் பேச எந்த வேட்பாளருக்கும் துணிவு வருவதில்லை. வேட்பாளரின் மனதை அறிய இன்னும் எளிய வழி, அவருடைய பேனரும் கொடிக்கம்பமும் பந்தலும் எங்கே நிற்கின்றன என்று பார்ப்பது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்ததில் ஸ்கூட்டரில் போன ஒரு இளம்பெண் நிலைகுலைந்து லாரியில் அடிபட்டு இறந்தார். பொது இடங்களிலுள்ள கட்சிக் கொடிக்கம்பங்களை அகற்றும்படி 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு நடைபாதையை மறித்துப் பிரசாரப் பந்தல் போடுகிறவர், வென்ற பிறகு நடைபாதையைக் காப்பார் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

மூவரில் ஒருவர் ஏற்கெனவே கவுன்சிலராக இருந்தவர் என்றால் வேலை சுலபம். 2022-இல் வந்த மன்றத்தின் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அவர் வார்டு நிதியை எதற்குச் செலவிட்டார், எந்தச் சாலைப் பணிக்கு என்ன மதிப்பீடு என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மண்டல அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு, ஆகவே தேர்தல் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். வார்டு குழுவும், பகுதிவாசிகள் கூடும் பகுதி சபையும் விதிப்படி உண்டு. அவற்றை ஒழுங்காகக் கூட்டினாரா என்பதை அக்கம்பக்கத்தில் விசாரித்தாலே தெரிந்துவிடும். புதியவர்களிடம் கேட்க ஒரே கேள்வி போதும்: நம் வார்டில் எந்தெந்தச் சாலை மாநகராட்சியுடையது, எது நெடுஞ்சாலைத் துறையுடையது? தெரியாது, தெரிந்துகொள்கிறேன் என்று சொன்னால் மோசமில்லை. எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றால் யோசிக்க வேண்டும்.

கடைசியாக, தாயாரின் மருந்துக்கடை. அந்தச் சாலையின் பெயரை நீங்கள் எழுதவில்லை, அதனால் இடம் பார்க்காமல் சொல்லும் அளவுக்கு மட்டும் சொல்கிறேன். மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அழைத்து அது யார் பராமரிப்பில் இருக்கிறது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால் இந்தக் கோரிக்கைக்குச் சரியான முகவரி அத்துறையின் கோட்டப் பொறியாளரும் சட்டமன்ற உறுப்பினரும். கவுன்சிலர் வேட்பாளரை இதற்காக மதிப்பிடுவது நியாயமில்லை. நடப்பவருக்குச் சிக்னல் வேண்டுமென்றால் போக்குவரத்துக் காவல்துறைக்கு எழுத வேண்டும், ஒரு துறைக்கு எழுதியதன் நகலை மற்றதற்கும் அனுப்புங்கள். கடிதத்தில் பொதுவாகப் பாதுகாப்பு வேண்டும் என்று எழுதாமல், எந்தக் கடைக்கு எதிரில், எந்த நேரத்தில், எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று ஒரு மணி நேரம் நின்று எண்ணி எழுதுங்கள். தடையற்ற நடைபாதை வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வழக்கைத் தொடுத்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன். மேடான கடப்பிடமும் நடுத்திட்டும் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், நடை மேம்பாலம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். முழங்கால் வலிக்காரர் அதில் ஏறமாட்டார். அது கட்டப்பட்டதும் கீழே கடக்கும் வழியையும் தடுப்பு வைத்து மூடிவிடுவார்கள்.